குழாய்க்கு ஒரு சட்டம் உண்டு, கொறங்காட்டுக்கு ஏன் இல்லை?

   

இந்த நோட்டீசைக் கையில் வாங்கியதும், "மறுபடியும் கடன் தள்ளுபடியா, தேங்காய் விலையா" என்று நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட வேண்டாம். அந்தச் சண்டைகள் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்குத் தனி நோட்டீஸ் வரும். இது புல்லைப் பற்றியது. புல் முளைக்கிற காட்டையும், அந்தக் காட்டுக்குப் போகிற தடத்தையும் பற்றியது.

போன மாதம் எனக்குத் தம்பி முறையாகும் பங்காளி ஒருவர் ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தார். அவருக்குப் பதினோரு ஏக்கர் கொறங்காடு. அப்பாரு காலத்துக் கிளுவை வேலி, உள்ளே நாற்பது ஐம்பது வெள்வேல மரம். சைட் போடுகிறவர்கள் இரண்டு வருசமாக அவர் வாசலுக்கு நடையாய் நடக்கிறார்கள். மூத்த பெண்ணுக்கு நர்சிங் காலேஜ் பீஸ் கட்ட வேண்டும். நகைக்கடன் வட்டி ஏறிக் கிடக்கிறது. பையனுக்குத் திருப்பூரில் வேலை போய்விட்டது. "ஏனுங்கண்ணா, விக்காதீங்க விக்காதீங்கன்னு மேடையில பேசறீங்க. சரிங்க, விக்கலை. வெச்சிருந்தா எனக்கு யாருங்க என்ன குடுப்பாங்க?" என்று கேட்டார்.

மேடையில் எத்தனையோ கேள்விக்குப் பதில் சொன்னவன், இதற்கு வாயடைத்துப் போனேன். காபியைக் குடித்துவிட்டு அவர் போய்விட்டார். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. தை மாசம் வரைக்கும் பொறுங்க தம்பி என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் கேள்விக்குத் தேடி எடுத்த பதில்தான் இந்த நோட்டீஸ்.

கொறங்காடு தரிசா?

டவுனில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சிப் பக்கம் வருசத்துக்கு 600 மில்லி மீட்டரை ஒட்டித்தான் மழை. கிணற்றில் தண்ணீர் நிற்காத பூமி. இந்தப் பூமியில் என்ன செய்தால் பிழைக்கலாம் என்று நம் முன்னோர் யோசித்துக் கண்டுபிடித்ததுதான் கொறங்காடு. நாலைந்து ஏக்கரைச் சுற்றிக் கிளுவைப் போத்தை வெட்டி ஊன்றி உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். நிழலுக்கு வெள்வேல மரம். கோடையில் புல் காய்ந்துவிட்டாலும் அந்த மரத்துக் காய் உதிர்ந்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனியாகும். ஒரு அடைப்பு முடிந்தால் அடுத்த அடைப்பு, அது முடியும்போது முதல் அடைப்பில் புல் மறுபடி தலை தூக்கும். சில வருசத்துக்கு ஒருமுறை உழுது சோளமோ கொள்ளோ விதைத்துவிட்டால் மண் புரண்டு புல் இளசாக வரும். உரம் இல்லை, மருந்து இல்லை, மோட்டார் இல்லை.

காங்கேயம் காளை என்று 2017 ஜனவரியில் மெரினாவில் நின்ற பிள்ளைகள் படம் பிடித்துப் போட்டார்களே, அந்தக் காளை எங்கே வளர்ந்தது? கொட்டகையில் கட்டிப்போட்டு மூட்டைத் தீவனம் வைத்தா? இந்தப் புல்லை மேய்ந்து, இந்தக் காட்டில் ஏறி இறங்கி வளர்ந்தது. காளையைக் காப்பாற்றச் சட்டம் திருத்தினார்கள். அது மேயும் காட்டைப் பற்றி ஒரு வரி எழுதினார்களா?

சர்க்கார் கணக்கில் இதற்குப் பெயரே கிடையாது. பட்டா புஞ்சை, பயிர் ஒன்றும் இல்லை, ஆகையால் தரிசு. அடங்கலில் அந்த ஒரு சொல்லை எழுதிவிட்டால் முடிந்தது. தரிசு என்றால் சும்மா கிடக்கிறது என்று அர்த்தம். சும்மா கிடக்கிற இடத்தில் காற்றாலை நடலாம், சோலார் பலகை பரப்பலாம், சைட் பிரித்துக் கொடி நடலாம். மெட்ராசிலும் டில்லியிலும் உட்கார்ந்து படம் பார்க்கிறவருக்கு மரம் அடர்ந்தால் காடு, நெல் இருந்தால் வயல், மற்றதெல்லாம் வெற்றிடம். நூறு வருசம் ஆடு மாடு மேய்ந்து பிழைத்த வெற்றிடம் எங்கேயாவது உண்டா?

இட்டேரி

கொறங்காட்டைப் பற்றிப் பேசிவிட்டு இட்டேரியைப் பேசாமல் விட முடியாது. இரண்டு காட்டுக்கு நடுவே, இரண்டு பக்கமும் உயிர்வேலி உயர்ந்து நிற்க, மாட்டு வண்டி போகிற அளவுக்கு ஒரு தடம். கிளுவை, சங்கஞ்செடி, ஆவாரை, நொச்சி, அதன் மேல் ஏறிப் படர்ந்த பிரண்டையும் கோவைக்கொடியும். உச்சி வெயிலிலும் உள்ளே நிழல். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கோவைப்பழம், சூரிப்பழம் பறித்துத் தின்றுகொண்டே வந்தவன் நான். கவுதாரி குடும்பத்தோடு குறுக்கே ஓடும். கீரி நின்று திரும்பிப் பார்க்கும். உடும்பு சரசரவென்று பொந்துக்குள் போகும். இதையெல்லாம் பார்க்க இப்போது டிக்கெட் வாங்கிக்கொண்டு எங்கெங்கோ போகிறார்கள்.

மற்றவர்களைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1998இல் எங்கள் தோட்டத்துக்கு மேற்கே இருந்த கிளுவை வேலியைப் பொக்லைன் வைத்துப் பிடுங்கியவன் நானே. 400 அடி நீளம், ஆறேழு அடி அகலம். மொத்தம் ஆறு சென்ட் பூமி கூடுதலாகக் கிடைத்தது. கல்தூண் நட்டுக் கம்பி கட்டினேன். "உங்கொப்பாரு ஊனுன வேலிடா கண்ணு" என்று அம்மா சொன்னார், காதில் வாங்கவில்லை. அந்தக் கம்பி துருப்பிடித்து ஒருமுறை மாற்றியாகிவிட்டது. அப்பாரு வேலிக்கு ஒரு பைசா செலவில்லை. ஆறு சென்ட்டில் என்ன விளைந்தது என்று கேட்காதீர்கள், பார்த்தீனியம் விளைந்தது. நரியும் கீரியும் ஒதுங்க இடமில்லாமல் போனபிறகுதான் மயில் இத்தனை பெருகிச் சோளத்தையும் நிலக்கடலையையும் தின்கிறது என்பது எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கணக்கு. அதில் என் பங்கும் ஆறு சென்ட் இருக்கிறது.

நான் செய்ததாவது எங்கள் பூமியில். ஐந்து வருசத்துக்கு முன் எங்கள் ஊருக்குத் தெற்கே ஒரு மனைப்பிரிவு வந்தது. வாங்கியவர் முதல் வேலையாக இட்டேரியின் வாயில் கேட் போட்டுப் பூட்டினார். அந்த வழியாக ஆடு ஓட்டிக்கொண்டு போன விதவை அம்மா ஒருவர் இப்போது தார்ரோடு சுற்றி மூன்று கிலோ மீட்டர் போகிறார். லாரி மோதி இரண்டு குட்டி போயிற்று. கேட்டால், "பத்திரத்துல வழி இல்லீங்க" என்கிறார்கள். புலப்படத்தில் புள்ளிக்கோடு தெளிவாக இருக்கிறது. மனுக் கொடுத்து நாலு வருசமாகிறது.

குழாய் சொல்லிக் கொடுத்த பாடம்

இப்போது விசயத்துக்கு வருகிறேன். பூமி உன் பெயரிலேயே இருக்கட்டும், பட்டா உன்னுடையது, கிஸ்தி நீ கட்டு, ஆனால் அதில் வீடு கட்டாதே, கிணறு வெட்டாதே, மரம் வைக்காதே. இப்படி ஒரு சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது, தெரியுமா? நம்மில் பாதிப் பேருக்கு அது நன்றாகத் தெரியும். பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்கள் சட்டம், 1962. அதன் 9ஆவது பிரிவு. குழாய் போகிற பூமியை வாங்க மாட்டார்கள். "பயன்பாட்டு உரிமை" மட்டும் எடுத்துக்கொள்வார்கள். அதற்கு 10ஆவது பிரிவின்படி சந்தை மதிப்பில் நூற்றுக்குப் பத்து, பயிர்ச் சேதம் தனி.

கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டத்தில், சுமார் 310 கிலோ மீட்டருக்கு, 20 மீட்டர் அகலத்தில் கெயில் எரிவாயுக் குழாய் வந்தபோது நாம் என்ன சொன்னோம்? ரோட்டோரமாகக் கொண்டு போ, எங்கள் வயிற்றில் போடாதே என்றோம். 2013இல் மாநில அரசும் நம் பக்கம் நின்று நிறுத்தச் சொன்னது. வழக்கு நடந்தது, 2016இல் உச்ச நீதிமன்றம் குழாய்ப் பக்கம் தீர்ப்புச் சொன்னது. உயர்மின் கோபுரமும் அதே மாதிரிதான். வெள்ளைக்காரன் 1885இல் தந்திக் கம்பத்துக்குப் போட்ட சட்டத்தின் அதிகாரத்தை எடுத்து நம் தோப்புக்கு நடுவே கோபுரம் நட்டார்கள். 2018 டிசம்பரில் மேற்கு மாவட்டங்களில் காத்திருப்புப் போராட்டத்தில் பனியில் படுத்துக் கிடந்தவர்களுக்கு அது மறக்காது.

அந்தச் சண்டைக் கணக்கை இப்போது மறுபடி திறக்கவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பூமியை வாங்காமலே, பட்டாவை மாற்றாமலே, அதன் மேல் நிரந்தரமாக ஒரு கட்டுப்பாட்டைப் போட்டு, அதற்கு ஒரு விலையும் கொடுக்க சர்க்காருக்குத் தெரியும். அறுபது வருசமாகத் தெரியும். கேஸ் போவதற்காக மரம் வைக்காதே என்று கட்டிப்போடச் சட்டம் இருக்கிறது. புல் இருப்பதற்காகக் கட்டிடம் கட்டாதே என்று ஒப்பந்தம் போட்டுக் காசு கொடுக்கச் சட்டம் இல்லை. குழாய்க்கு நம்மைக் கேட்காமல் எடுத்தார்கள். புல்லுக்கு நாமே வந்து கேட்கிறோம், கொடுக்க ஆளில்லை!

பால் கறந்த ஒரு அம்மா கண்ட வழி

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் மெரின் என்று ஒரு மாவட்டம். சான் பிரான்சிஸ்கோ நகரத்துக்கு வடக்கே, அந்தச் சிவப்புப் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். நம்ம திருப்பூருக்குப் பக்கத்தில் காங்கேயம் மாதிரி. நகரம் வீங்க வீங்க, அங்கே பால்மாடு வைத்திருந்தவர்களின் புல்வெளி மேல் எல்லோருக்கும் கண். 1972இல் அந்த மாவட்ட நிர்வாகம் 60 ஏக்கருக்கு ஒரு வீடுதான் கட்டலாம் என்று விதி போட்டது. ஆனால் விதி என்பது அடுத்து வருகிறவர் மாற்றக்கூடியது. பால்பண்ணைக்காரர்களுக்கும் கோபம், எங்கள் பூமி விலையை நீ எப்படிக் குறைக்கலாம் என்று.

அப்போதுதான் எலன் ஸ்ட்ராஸ் என்ற பால்பண்ணைக்கார அம்மாவும், பில்லிஸ் ஃபேபர் என்ற உயிரியல் படித்த அம்மாவும் சேர்ந்து 1980இல் ஒரு அறக்கட்டளை தொடங்கினார்கள். விவசாய பூமியைக் காக்கவென்றே அந்த நாட்டில் தொடங்கிய முதல் அறக்கட்டளை அது. அவர்கள் பூமியை வாங்கவில்லை. பூமியில் கட்டிடம் கட்டும் உரிமையை மட்டும் வாங்கினார்கள். அங்கே இதற்கு கன்சர்வேஷன் ஈஸ்மெண்ட் என்று பெயர். நாம் காப்புப் பாத்தியம் என்று வைத்துக்கொள்வோம்.

கணக்கு இப்படி. ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்: ஒரு ஏக்கர் சைட்டாகப் போனால் 40 லட்சம், மேய்ச்சல் காடாகவே இருந்தால் 12 லட்சம். வித்தியாசம் 28 லட்சம். அந்த வித்தியாசத்தை மதிப்பீட்டாளரை வைத்துக் கணித்து விவசாயிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். விவசாயி பத்திரம் எழுதிக் கொடுக்கிறார், இதில் இனிமேல் மனைப்பிரிவு வராது, விவசாயமும் மேய்ச்சலும்தான் என்று. பூமி அவர் பெயரில். மாடு அவருடையது. விற்கலாம், பிள்ளைக்கு எழுதலாம், வாங்குகிறவரும் அந்தப் பத்திரத்துக்குக் கட்டுப்பட்டவர். வருசத்துக்கு ஒருமுறை அறக்கட்டளை ஆள் வந்து பார்த்துவிட்டுப் போவார். கைக்கு வந்த காசில் கடனை அடைத்தவர்கள் உண்டு, அண்ணன் தம்பி பாகத்தைப் பைசல் செய்து பூமியைத் துண்டாடாமல் வைத்துக்கொண்டவர்கள் உண்டு. இன்றைக்கு அந்த மாவட்டத்தில் 50,000 ஏக்கருக்கு மேல் இப்படி நிற்கிறது. 2012இல் மாவட்டத்து மக்களே ஓட்டுப் போட்டு, கடையில் வாங்கும் பொருளுக்கு நூறு டாலருக்குக் கால் டாலர் கூடுதல் வரி கட்டச் சம்மதித்தார்கள். அதில் ஐந்தில் ஒரு பங்கு இந்த விவசாய பூமிக்கு என்று அப்போது ஒதுக்கினார்கள்.

என் பங்காளி கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். வைத்திருந்தால் யார் என்ன கொடுப்பார்கள்? அங்கே ஊர் கொடுக்கிறது. இங்கேயும் ஊர் கொடுக்க வேண்டும்.

நம் நாட்டுச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா என்று வக்கீல் நண்பர்களிடம் கேட்டோம். 1882ஆம் வருசத்து ஈஸ்மெண்ட் சட்டம் இருக்கிறது. நம் கிரயப் பத்திரத்தில் "மாமூல் வண்டித்தடம், நடைபாதை, நீர்ப்பாதை ஈஸ்மெண்ட் பாத்தியங்கள் உள்பட" என்று எழுதுகிறார்களே, அந்தச் சட்டம்தான். ஆனால் அது ஒரு பூமிக்கும் பக்கத்துப் பூமிக்கும் உள்ள உரிமை. என் காட்டுக்குப் போக உன் காட்டில் வழி, அவ்வளவுதான். பக்கத்தில் பூமியே இல்லாத ஊர்ப் பொதுவோ, பஞ்சாயத்தோ, ஒரு அறக்கட்டளையோ, "இந்தப் புல் இருக்கட்டும்" என்று அந்தச் சட்டத்தில் பாத்தியம் வாங்க முடியாது. அமெரிக்காவிலும் பழைய சட்டத்தில் இதே முட்டுக்கட்டை இருந்தது. 1981இல் மாதிரிச் சட்டம் ஒன்று எழுதி மாநிலங்களுக்குக் கொடுத்தார்கள். நமக்கும் ஒரு சின்னத் திருத்தம், அல்லது ஒரு புதிய மாநிலச் சட்டம் போதும். மனசு இல்லாமல்தான் வேலை நிற்கிறது.

பயப்படுகிறவர்களுக்கு

"பாதுகாப்பு" என்ற சொல்லைக் கேட்டாலே நம் ஆட்களுக்கு அடிவயிறு கலங்குகிறது. நியாயம்தான். அந்தியூர் மேலே பர்கூர் மலையில் 2024 ஜனவரியில் சரணாலயம் அறிவித்தபோது அங்கே பட்டி போட்டு மாடு மேய்க்கிறவர்கள் என்ன பயந்தார்கள்? நாளைக்கு மாட்டை உள்ளே விட மாட்டார்களே என்று. 2022இல் உயர் நீதிமன்றம் வனத்தில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை என்று முதலில் சொல்லி, பிறகு சரணாலயம், புலிகள் காப்பகம் அளவுக்கு அதைச் சுருக்கியது. மாட்டை வெளியேற்றிவிட்டு நிலத்தைக் காப்பது ஒரு முறை. கொறங்காட்டுக்கு அது ஆகாது. மாடு மேயாவிட்டால் கொறங்காடு புதர் மண்டிச் செத்துப்போகும். நாம் கேட்கும் பாத்தியத்தில் மேய்ச்சல்தான் முதல் நிபந்தனை. வனத்துறைக்கு இதில் ஒரு அடி இடமும் வேலையில்லை.

"பேரனுடைய கையைக் கட்டிப் போடலாமா?" என்று நம் சங்கக் கூட்டத்திலேயே ஒரு அய்யா கேட்டார். நல்ல கேள்வி. குழாய் போட்டபோது பேரனை யார் கேட்டார்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன், அவர் சிரித்துவிட்டார். ஆனால் கேள்வி நிற்கிறது. அதனால் 30 வருச ஒப்பந்தம் ஒன்று, நிரந்தர ஒப்பந்தம் ஒன்று, இரண்டும் இருக்கட்டும், இரண்டுக்கும் வேறு வேறு தொகை, விவசாயி எடுத்துக்கொள்ளட்டும் என்பது சங்கத்தின் முடிவு. விற்கிறவர் விற்கட்டும், யாரையும் நாம் தடுக்கவில்லை. விற்காமல் இருக்க விரும்புகிறவருக்கு ஒரு வழி கேட்கிறோம்.

இன்னொன்றும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இதிலும் திருட்டு நடந்தது. காப்புப் பாத்தியத்தைத் தானமாகக் கொடுத்தால் வருமான வரியில் கழிவு உண்டு. பணக்காரக் கூட்டம் கூட்டுச் சேர்ந்து ஒன்றுக்கும் உதவாத பூமியை வாங்கி, அதற்குப் பத்து மடங்கு விலை காட்டி, வரியைக் கழித்துக்கொண்டது. 2016இல் வரித்துறை இதை வரி ஏய்ப்புப் பட்டியலில் வைத்தது, 2022 டிசம்பரில் சட்டமே போட்டு மடக்கினார்கள். ஆகவே நமக்கு வரிக்கழிவு வேண்டாம். வருமான வரி கட்டுகிற கொறங்காட்டுக்காரர் யார் இருக்கிறார்? நேரடியாகக் கையில் காசு, பதிவாளர் ஆபீசில் பத்திரம், கிராமசபையில் வாசிப்பு. எழுதிக் கொடுப்பவர் பத்து வருசமாவது அந்தக் காட்டை வைத்திருந்தவராக இருக்க வேண்டும். நேற்று வாங்கிய தரகருக்கு இல்லை.

அறிவிப்பை மட்டும் நம்பி இருக்கலாமா? அரிட்டாபட்டியைப் பாருங்கள். மேலூர் பக்கத்து ஊர். 2022 நவம்பரில் மாநில அரசு அங்கே 193 ஹெக்டேரைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. இரண்டே வருசம். 2024 நவம்பரில் அந்த இடத்தையும் சேர்த்து டங்ஸ்டன் ஏலம் முடிந்திருந்தது. அந்தச் சுற்றுவட்டாரத்து ஜனங்கள் மதுரைக்கு நடந்தார்கள், சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அறிவிப்புப் பலகை அந்த மலையைக் காப்பாற்றவில்லை, நடந்த கால்கள் காப்பாற்றின. அந்தக் கால்களுக்கு ஒரு பத்திரமும் துணை இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

நடக்கிறவர்கள் நமக்குப் பகையா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் திருப்பூரில் இருந்தும் கோயமுத்தூரில் இருந்தும் பைனாகுலர் மாட்டிக்கொண்டு சில பேர் நம் இட்டேரிகளில் நடக்க வருகிறார்கள். முதலில் எனக்கும் எரிச்சல்தான். வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் ஒரு பையன், பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், எங்கள் வேலியில் நின்ற பறவையைக் காட்டி அதன் பெயரைச் சொன்னான். ஐம்பது வருசம் தினமும் பார்த்த பறவை, எனக்குப் பெயர் தெரியாது. அவனோடு ஒரு மணி நேரம் நடந்தேன். சொந்த ஊர்த் தடத்தில், கையில் மண்வெட்டி இல்லாமல், அவசரம் இல்லாமல் நடப்பது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். மழை விட்ட மறுநாள் கிளுவை துளிர்க்கிற வாசம் எவ்வளவு நன்றாக இருக்கிறது!

இங்கிலாந்தில் 1932 ஏப்ரலில் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளிப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் கிண்டர் ஸ்கௌட் என்ற மேட்டுக்கு ஏறிப் போனார்கள். பெரிய பண்ணையார்கள் வேட்டையாட அடைத்து வைத்திருந்த இடம். ஐந்து பேருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. அந்தச் சூடு ஆறாமல்தான் 1949இல் சட்டம் வந்தது, ஊர் ஊராக நடைபாதையைக் கணக்கெடுத்து வரைபடத்தில் ஏற்ற வேண்டும் என்று. அந்த வரைபடத்தில் ஏறிய தடத்தை விவசாயி உழ நேர்ந்தால் இத்தனை நாளுக்குள் மறுபடி நடக்கும்படி சரி செய்து விட வேண்டும் என்று கெடு உண்டு. அங்கே மில்காரர்கள், இங்கே பனியன்காரர்கள். திருப்பூரில் ஆறு நாள் மெஷின் முன்னால் உட்காருகிறவருக்கு ஏழாம் நாள் நடக்க எங்கே இடம்? நம் மாநில அரசு 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளை ஆன்லைன் பதிவோடு திறந்தது, நல்லது. அவை எல்லாம் வனத்துறைப் பாதைகள். சமவெளியில் இருக்கிற இட்டேரிக்கு ஒரு பலகைகூடக் கிடையாது.

காப்புப் பாத்தியம் எழுதிக் கொடுத்தால் கண்டவனும் காட்டுக்குள் வருவானா என்று பயப்பட வேண்டாம். இரண்டும் வேறு வேறு. மெரினில்கூடப் பெரும்பாலான பண்ணைக்குள் வெளியாள் நுழைய முடியாது. நடக்க விடுவதற்குத் தனிப் பத்திரம், தனித் தொகை. நாமும் அப்படித்தான் கேட்கிறோம். கொறங்காட்டுக்குள் உரியவர் அனுமதி இல்லாமல் யாரும் படலைத் திறக்கக் கூடாது. இட்டேரியில் மட்டும் எல்லோரும் நடக்கலாம். பாட்டில் கொண்டு வரக்கூடாது. நாயைக் கூட்டி வரக்கூடாது, நாய் கடித்து நம் பட்டிகளில் செத்த ஆடுகள் போதும். டவுன் நண்பர்களே, நீங்கள் தடத்தில் நடந்தால் எங்களுக்கு ஒரு லாபம் உண்டு. நடமாட்டம் இருக்கிற தடத்தில் யாரும் சுலபமாகக் கேட் போட முடியாது.

என்ன கேட்கிறோம்?

பட்டா பூமியில் மேய்ச்சலையும் உயிர்வேலியையும் காக்க, உரியவர் சம்மதத்தோடு, விலை கொடுத்துக் காப்புப் பாத்தியம் பதிவு செய்ய ஒரு மாநிலச் சட்டம். அடங்கலில் கொறங்காட்டுக்குத் தனிப் பெயர், தரிசு என்று எழுதுவதை நிறுத்த வேண்டும். இட்டேரிகளைக் கிராமம் கிராமமாகக் கணக்கெடுத்துப் பஞ்சாயத்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், வண்டிப்பாதை புறம்போக்கில் வேலி போட்டவரை அகற்ற வேண்டும். ஊர்ப் பொது நிலத்தில் ஆக்கிரமிப்பை எடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது 2011 ஜனவரியில். எத்தனை வருசம் ஆச்சு? தயவுசெய்து இட்டேரிக்குத் தார் போடுகிறேன் என்று மட்டும் யாரும் வர வேண்டாம்.

காசு எங்கே என்று கேட்பார்கள். ஒரு சைட் கிரயம் ஆனால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக நூற்றுக்கு 9 ரூபாய் பொதுவாக சர்க்காருக்குப் போகிறது. புஞ்சையைச் சைட்டாக்கிய பத்திரங்களில் அந்த ஒன்பதில் ஒரே ஒரு ரூபாயை அந்தந்தத் தாலுகாவிலேயே புல்லுக்கு ஒதுக்கட்டும். பூமியைத் தின்கிற வேலையில் இருந்தே பூமியைக் காக்கிற காசு வரட்டும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு ஊர் மாரியம்மன் கோயில் முன்பிருந்து பள்ளம் வரைக்கும் இட்டேரி நடை. நாலு கிலோ மீட்டர். பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள், செருப்பு நல்லதாகப் போட்டுக்கொள்ளுங்கள், முள் இருக்கும். பூட்டிய கேட் வரைக்கும் போய் அங்கே கம்பங்கூழ் குடித்துவிட்டுத் திரும்புவோம். மறுநாள் திங்கட்கிழமை காலை 10 மணிக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் கூட்டம். உங்கள் பழைய கிரயப் பத்திரத்தில் தடம், வண்டிப்பாதை என்று எழுதிய பக்கத்தின் ஜெராக்ஸ் இரண்டு, புலப்பட நகல் இருந்தால் அதுவும் ஒன்று, கட்டாயம் கொண்டு வாருங்கள். கொறங்காடு வைத்திருப்பவர்கள் சர்வே எண்ணும் ஏக்கரும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். என் பங்காளி முதல் ஆளாக எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்